மாலையைக் கையில் பிடித்துப் போனவர்கள்

மணலேரியில் செத்தவர்கள் தங்கள் காலாலேயே இடுகாட்டுக்கு நடந்துபோகத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. முதலில் நடந்தவன் தனக்கோட்டியின் புருஷன் ஏகாம்பரம்.

மணலேரி என்பது ஒரே ஒரு நீளத் தெரு. அந்தத் தெருவைத்தான் ஊர் என்பார்கள். ஊரைச் சுற்றிக் காலனி, பாறைமேடு, கொல்லைமேடு என்று மூன்று குடியிருப்புகள். மூன்றிலும் இருந்தவர்கள் ஊர்க்காரர்களின் நிலத்தில் நட்டார்கள், அறுத்தார்கள், அவர்கள் கிணற்றைத் தூர் வாரினார்கள், அவர்கள் மாட்டுக்குப் பிரசவம் பார்த்தார்கள்; அதற்காகத் தெரு வழியே நாளுக்கு நான்கு முறை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்வந்தார்கள். உயிரோடு இருக்கும்வரை அதில் தடையில்லை. செத்தால்தான் தடை. மூன்று குடியிருப்புக்கும் பொதுவான இடுகாடு தெருவின் மறுகோடியைத் தாண்டி ஆற்றங்கரையில் இருந்தது, தெரு வழியாகப் போனால் கால்மணி நேரம். ஆனால் அந்தத் தெருவில் காலனிப் பிணம் போகக் கூடாது என்று எந்தக் காலத்திலோ சொல்லப்பட்டு, எந்தக் காலத்திலும் மாறாமல் இருந்ததால், பாடையைத் தூக்கிக்கொண்டு வயற்காட்டுக் கால்வாயில் இறங்கி, சேற்றிலும் முள்ளிலும் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் கால்வாயில் கழுத்தளவு தண்ணீர் போகும். ஏகாம்பரத்தின் அப்பனைத் தூக்கிக்கொண்டு போனபோது பாடை கவிழ்ந்து, கிழவன் தண்ணீரோடு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து மதகுக் கம்பியில் சிக்கியிருந்தவனை மகனும் மருமகளும்தான் எடுத்தார்கள். அன்றைக்குத்தான் தனக்கோட்டி முதல் மனுவை எழுதினாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து மணிமணியாக இருக்கும். இடுகாட்டுக்குப் பாதை வேண்டி அவள் எழுதிய மனுக்கள் பத்தொன்பது வருஷமாகத் தாலுகா ஆபீசில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

ஏகாம்பரம் நெஞ்சு வலியில் செத்த அந்த வாரமும் அடைமழை. கால்வாயில் இறங்க முடியாது என்று தெரிந்தே பாடையைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிரில் ஊர்க்காரர்கள் குடையோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மணியக்காரர் வீட்டு வரதராசன் நின்றான். பாட்டன் காலத்து மணியக்காரர் உத்தியோகம் போய் நாற்பது வருஷமாகியும் அந்தப் பெயரும் அந்த நிலமும் அந்த நிற்கிற தோரணையும் போகாத ஆள்.

"கால்வாய்ல கழுத்து மட்டும் தண்ணி போவுதுங்க அய்யா," என்றாள் தனக்கோட்டி. "எங்க மாமனாருக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். இந்த ஒரு தடவ வுடுங்க."

"மழைய நானா பெய்யச் சொன்னன்?" என்றான் வரதராசன். "பொணத்தத் தூக்கினு போற வழி இது இல்ல. அவ்ளோதான்."

பதினொரு மணிக்குத் தொடங்கிய பேச்சு மூன்றரை வரை இதே இரண்டு வாக்கியமாக இருந்தது. பாடை தூக்கியிருந்த நால்வரும் தோள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏகாம்பரம் உயிரோடு இருந்தபோது தனக்கு முன்னால் இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணினால் பொறுக்கமாட்டான், ஒன்றும் சொல்லாமல் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அப்படித்தான் அன்றைக்கும் எழுந்தான். பாடையில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, தரை எட்டுகிறதா என்று பார்த்து இறங்கி, வாய்க்கட்டும் நெற்றிக் காசும் கழுத்து மாலையுமாக, கண்ணைத் திறக்காமலே தெருவுக்குள் நடந்தான். பறை நின்றது. குடைகள் இரண்டு பக்கமும் விலகின. தனக்கோட்டி ஓடிப்போய் அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டு கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது, ஆனால் நடை அவனுடைய நடைதான், இடது காலைக் கொஞ்சம் வீசிப் போடுகிற நடை. இடுகாட்டில் வெட்டிவைத்த குழியில் அவனே இறங்கிப் படுத்தான். மண் தள்ளுவதுதான் மற்றவர்கள் வேலையாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஊர்க்காரர்கள் கோயில் வாசலில் கூடினார்கள். செத்தவன் எப்படி நடந்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நடந்தது சரியா தப்பா என்றுதான் பேசினார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் வழக்கம், நடந்து போகிறவனைப் பிணம் என்று எப்படிச் சொல்வது, தினமும்தான் நடக்கிறார்கள் என்று வரதராசன் சொன்னது நியாயமாகப் பட்டது. ஆனால் ஓர் இளவட்டம் எழுந்து, "அது சரி, மாலைய கழுத்துல போட்டுனு நம்ம தெருவுல ஒருத்தன் நடந்து போயிருக்கான். அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று கேட்டபோது எல்லாருக்கும் சுருக்கென்றது. விடிவதற்குள் காலனிக்குச் சொல்லியனுப்பினார்கள்: செத்தவர்கள் நடந்து போகலாம், ஆட்சேபனை இல்லை. தெருமுனை வந்ததும் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பறை கூடாது. தெருவின் இடது ஓரமாகப் போக வேண்டும். கோயிலில் கொடி ஏறியிருக்கும் பத்து நாளும் சாகக் கூடாது. செத்தால் கொடி இறங்கும்வரை வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று குடியிருப்பிலும் செத்தவர்கள் எல்லாருமே நடந்தார்கள். பாறைமேட்டில் பாம்பு கடித்துச் செத்தவன் நடந்தான். பனையிலிருந்து விழுந்து ஒரு கால் போன மரமேறி, செத்தபிறகும் கம்பை ஊன்றித் தத்தித் தத்திப் போனான். கொல்லைமேட்டில் மஞ்சள் காமாலையில் செத்த ஐந்து வயதுப் பெண்பிள்ளை, தன் உயரத்துக்கு இருந்த மாலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் புடவை முந்தியைப் பல்லால் கடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்து ஊரிலும் இரண்டு பெண்கள் அழுதார்கள், அழுதுவிட்டு, இடது ஓரமாப் போகச் சொல்லு என்றார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் காலை மடக்கி வழிவிடப் பழகினார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் செத்தவர்களைத் தாண்டி ஓடப் பழகின. நாய்கள்கூட முதல் மழைக்காலத்துக்கு மேல் குரைக்கவில்லை.

குடியிருப்புகளும் பழகின. பாடைக்கு மூங்கில் தேட வேண்டாம், தூக்க நாலு ஆள் தேட வேண்டாம். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட வேண்டாம். குளிப்பாட்டி, துணி மாற்றி, வாசல் மறைக்காமல் தள்ளி நின்றால் போதும், செத்தவர் எழுந்து போவார், கூட ஒருவர் மண் தள்ள மண்வெட்டியோடு போனால் முடிந்தது. பாடை கட்டத் தெரிந்த கடைசி ஆளும் தன் முறை வந்ததும் எழுந்து நடந்துபோய்விட்டான். ஆள் நடமாட்டம் இல்லாத கால்வாய்க்கரையை இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டார்கள், மூன்றாம் வருஷம் அங்கே ஒரு வழி இருந்த அடையாளமே இல்லை.

தனக்கோட்டிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் போட்ட தடம் என்று நடவு வயலில் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனு எழுதுவதை விடவில்லை. நடந்து போகிறவர்களுக்கும் பாதை வேண்டும்தானே, மாலையைக் கழற்றாமல் போக ஒரு பாதை. ஒரு நாள் தபாலில் பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் வந்த முதல் பதில். வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தாள். "மேற்படி குடியிருப்புகளைச் சேர்ந்த இறந்தோர் தாமாகவே நடந்து சென்று அடக்கமாகிக்கொள்வதாகக் கள ஆய்வில் தெரியவருவதால், தனிப் பாதைக்கான தேவை எழவில்லை என முடிவு செய்யப்பட்டு, மனு முடித்துவைக்கப்படுகிறது." இரண்டாம் முறை படித்தபோது, ஏகாம்பரத்தின் மேல் அவளுக்கு வாழ்நாளில் வராத கோபம் வந்தது. இன்னும் நாலு நாழிகை படுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் அந்த மனுஷனுக்கு என்று தோன்றியது.

அதற்கடுத்த தை மாதம் கன்னியப்பன் செத்தான். வரதராசன் நிலத்தில் நாற்பது வருஷம் பண்ணை வேலை பார்த்தவன். குளித்து, கோடி உடுத்தி, மாலையைக் கையில் பிடித்து அவன் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, வாசலில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வரதராசன், உயிரோடு இருப்பவனைக் கூப்பிடுகிற அதே குரலில், "ஏய் கன்னியப்பா, அந்தப் பக்கம்தான போற, இதக் கொண்டுபோய் மோட்டார் கொட்டாய்ல போட்டுட்டுப் போ," என்றான். கன்னியப்பன் நின்றான். தலையைக் குனிந்து கொடுத்தான். மூட்டையை ஏற்றினார்கள். ஒரு கை மூட்டையில், ஒரு கை மாலையில், மூடிய கண்ணோடு அவன் ஆற்றங்கரை வரப்பில் நடந்து, இடுகாட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் கொட்டாயில் மூட்டையை இறக்கிச் சுவரோரமாகச் சரியாக நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு தன் குழிக்குப் போனான்.

களை பிடுங்கிக்கொண்டிருந்த தனக்கோட்டி பாதி வழியிலேயே பார்த்துவிட்டாள். சேற்றுக் காலோடு ஓடிவந்து, "இறக்குண்ணே, இறக்கு! நீ செத்துட்டண்ணே!" என்று மூட்டையைப் பிடித்து இழுத்தாள். கன்னியப்பன் விடவில்லை. மண்வெட்டியோடு பின்னால் வந்த அவன் பெண்டாட்டி பச்சையம்மா தனக்கோட்டியின் கையை எடுத்துவிட்டாள்.

"வுடு தனக்கோட்டி. போற வழிதான."

"அவுரு பொணம்டி!"

"அதனால இன்னா. எப்பவும் தூக்கறதுதான."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் தணிகாசலம் கம்பெனியிலிருந்து வந்தபோது, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் செத்தா எழுந்துக்க மாட்டன்டா. நாலு பேரு தூக்கினு போங்க."

அவன் சிரித்தான். "உன் கையிலயா கீது அது?"

"ஏன், யார் கையில கீது? எழுந்துக்கோன்னு சாமியா வந்து சொல்லுது? நான் படுத்துனே இருப்பன். ரோடு குடுக்கற வரைக்கும் படுத்துனு இருப்பன்."

"உயிரோட இருக்கறப்பவே ஒண்ணும் நடக்கல," என்றான் தணிகாசலம், குழம்பை ஊற்றிக்கொண்டு. "செத்துப்போய் இன்னாம்மா பண்ணப் போற."

பங்குனியில் நாலு நாள் காய்ச்சல் அடித்து, ஐந்தாம் நாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் அவள் செத்தாள். சாவு அவள் பயந்ததைவிட இலேசாகத்தான் இருந்தது. செத்தபிறகு படுத்திருப்பதுதான் அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. காது நன்றாகக் கேட்டது. மருமகள் அழுவது கேட்டது, குடத்தில் தண்ணீர் நிரம்புவது கேட்டது. குளிப்பாட்டி, மஞ்சள் புடவை கட்டி, மாலை போட்டு, வாசலைப் பார்த்துக் கட்டிலில் கிடத்திவிட்டு எல்லாரும் விலகி நின்றதும், அவளுடைய இரண்டு முழங்காலும் தாமாகவே குறுகுறுக்க ஆரம்பித்தன. யாரோ வாசலில் நின்று கூப்பிட்டதுபோலவும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததுபோலவும், நடவுக்கு நேரமாகிவிட்டதுபோலவும் இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் யார் கூப்பிட்டாலும் எழுந்து பழகிய உடம்பு. ஏகாம்பரம் எப்படி எழுந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, அவன்மேல் இருந்த கோபமும் அப்போதுதான் போனது. அவள் தன் கால்களை அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

மத்தியானம் ஆனது. எழுந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தது. பச்சையம்மா வந்து கட்டில் ஓரத்தில் குனிந்து, தூங்குகிறவளை எழுப்புவதுபோலத் தோளைத் தொட்டு, "இன்னாடி, பொழுது போவுது பாரு," என்றாள். இவள் அசையவில்லை என்றதும்தான், மூன்று வருஷமாக யாரும் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறோம் என்று அங்கிருந்தவர்களுக்கு உறைத்தது. ஒரு பிணம் பிணமாகவே கிடந்தது. ஊர் தலைகீழாகிவிட்டதுபோல எல்லாரும் கசகசவென்று பேசினார்கள்.

மறுநாள் காலை வரதராசன் காலனி எல்லைக் கல்வரை வந்து நின்று தணிகாசலத்தைக் கூப்பிட்டான்.

"உங்கம்மா வேணும்னே படுத்துனு கீறாளாமே?"

"செத்துட்டாங்க அய்யா."

"எல்லாந்தான் செத்தாங்க. மரியாதையா எழுந்து போல? இவளுக்கு மட்டும் இன்னா கொழுப்பு? மனு எழுதன கை. நாளைக்குள்ள நடந்து போவச் சொல்லு. இல்லனா மூணு காலனியிலயும் ஒரு ஆளு எங்க வரப்புல கால் வெக்க வேணாம்."

அவன் திரும்பிப் போன அரைமணி நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. மேல்நிலைத் தொட்டியின் வால்வு ஊருக்குள் இருந்தது. பங்குனி வெயிலில் மூன்று குடியிருப்பும் காலிக் குடத்தோடு தனக்கோட்டி வீட்டு வாசலுக்கு வந்தது. நேற்று ஒப்பாரி வைத்தவர்கள் இன்று திட்டினார்கள். "அக்கா, கைக்கொழந்தைக்கு வாய் நனைக்கத் தண்ணி இல்லக்கா, எழுந்துரு," என்று ஒருத்தி காலைப் பிடித்தாள். "உன் ஒருத்தி வீம்புக்கு நாங்க எல்லாம் சாவணுமா?" என்று இன்னொருத்தி கத்தினாள். தனக்கோட்டிக்கு எல்லாக் குரலும் அடையாளம் தெரிந்தது. இவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் ரேஷன் கார்டு மனு எழுதித் தந்தவள். அவள் காலை அழுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் ஜீப்பில் தாசில்தார் அம்மா வந்தார், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, மனுநீதி நாளில் பேசுவதுபோல, "பாருங்கம்மா, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிடும். நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்," என்றார். பதில் வராததால் பக்கத்தில் நின்ற கிளர்க்கைப் பார்த்தார். கிளர்க் ஒரு நோட்டீசை நீட்டினான். வாங்கிக்கொள்ள இறந்தவரின் கை வராததால், அதை மாலைக்கு மேல் நெஞ்சில் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்தான்.

"அம்மா," என்று தணிகாசலம் தாசில்தாரைக் கேட்டான், "அவங்க கேட்டது ரோடுதான். ஒரு ரோடு போட்டுக் குடுத்துட்டா தூக்கினு போயிடுவோம்."

"ஃபைல் குளோஸ் ஆயிடுச்சே தம்பி," என்றார் தாசில்தார், உண்மையிலேயே வருத்தமாக.

அவன் அன்று பொழுது போவதற்குள் பாடை கட்டிப் பார்த்தான். மூங்கில் கிடைத்தது, நைலான் கயிறு கிடைத்தது, எங்கே முடிச்சு போடுவது என்றுதான் காலனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டியதைத் தூக்கியதும் நடுவில் பிரிந்து விழுந்தது. சரியாகக் கட்டியிருந்தாலும் எந்த வழியாகப் போவது என்று எதிர்வீட்டுப் பூபாலன் கேட்டான். கால்வாய்க்கரை வழி இருந்த இடத்தில் வரதராசனின் கரும்பு நின்றது.

மூன்றாம் நாள் காலை அவள் உடம்பு நாறத் தொடங்கியது. ஆண்கள் ஒன்றாகக் கூடிப் பேசியது அவள் காதில் விழுந்தது, தணிகாசலம் மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்ததும் தெரிந்தது. பிறகு அவன் குனிந்து அவள் வலது கக்கத்தில் தோளைக் கொடுத்தான், பூபாலன் இடது பக்கம் கொடுத்தான், இருவருமாக அவளை நிறுத்தினார்கள். கழுத்து மாலையைக் கழற்றி, பிடித்துக்கொள்ளாத அவள் கையில் சணல் கயிற்றால் கட்டினார்கள். தலை தொங்காமலிருக்கக் கொண்டைக்குள் ஒரு குச்சியைச் செருகி, முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். இதெல்லாம் செய்யும்போது ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

பதினொரு மணி வெயிலில் அவளைத் தெருவுக்குள் கொண்டுபோனார்கள், இடது ஓரமாக. அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. மண்ணில் அவள் இரண்டு கால் பெருவிரலும் இழுபட்டுக்கொண்டே வந்தன. தோல் உரிந்தது, வலிக்கவில்லை. "யம்மா, ரெண்டு அடி வெச்சிடும்மா, பாக்கறாங்கம்மா," என்று தணிகாசலம் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். எல்லாரும் அவள் கால் இழுபடுவதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, நடக்கிறாளே, நன்றாகத்தான் நடக்கிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தாசில்தார் ஜீப்பிலிருந்தபடியே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். நான் நடக்கவில்லை என்று தனக்கோட்டிக்குத் தெரியும், அது அவளுக்குப் போதும்போல இருந்தது.

வரதராசன் தன் வீட்டு வாசலில், இறக்கிவைத்த யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "தணிகாசலம், நில்லு," என்றான். "நடக்கறவதான உங்கம்மா? அந்த மூட்டைய அவ தலையில வெச்சி அனுப்பு. மோட்டார் கொட்டாய்ல போட்டுடட்டும்."

பூபாலன் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் எடுத்துக்கறன் அய்யா," என்றான் தணிகாசலம்.

"உன்ன சொல்லலியே."

"அவங்களுக்கு ஒடம்பு முடியல அய்யா. நான் எடுத்துக்கறன்."

செத்தவளுக்கு உடம்பு முடியவில்லை என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை. வரதராசன் கையைக் காட்டினான். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கித் தணிகாசலத்தின் தலையில் வைத்தார்கள். அவன் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறவன், பாரம் சுமந்து பழக்கமில்லாதவன். ஒரு கையால் மூட்டையையும் ஒரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டு பத்து அடி வைத்தான், பதினைந்து அடி வைத்தான். இருபதாவது அடியில் அவன் கழுத்து ஒரு பக்கம் மடங்கியது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, பாரம் தாங்காத ஆண்பிள்ளை வெளியே கேட்கக் கூடாதென்று விழுங்குகிற முனகல். அதை அவள் ஏகாம்பரத்திடம் முப்பது வருஷம் கேட்டிருந்தாள். மகனிடமிருந்து ஒரு நாளும் கேட்கக் கூடாதென்றுதான் அவனைப் படிக்க வைத்து வெளியே அனுப்பினாள்.

பச்சையம்மா கெஞ்சியபோது எழாதவள், கைக்குழந்தைக்குத் தண்ணீர் இல்லை என்றபோது எழாதவள், தன் கை மேலே போவதை உணர்ந்தாள். அவள் அதை அனுப்பவில்லை. சணல் கயிறு அறுந்து மாலை கீழே விழுந்தது. சரிந்துகொண்டிருந்த மூட்டையை அந்தக் கை ஏந்தியது, தோல் உரிந்த கால் இரண்டும் மண்ணில் ஊன்றின, முதுகு நிமிர்ந்தது. மகன் தலையிலிருந்து மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு, மூடிய கண்ணோடு, தனக்கோட்டி நடந்தாள்.

"அப்பாடா," என்று யாரோ சொன்னது கேட்டது. அது ஊர்க்காரன் குரலா காலனிக்காரன் குரலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவள் தெருக்கோடியைத் தாண்டுவதற்குள் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். பின்னால் குடங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

தணிகாசலம் கீழே விழுந்த மாலையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். வெறுந்தலையில் அவன் கை இரண்டு முறை போய்த் தடவிப் பார்த்தது. "யம்மா," என்றான். "ஏம்மா எழுந்த?" என்றான். "நான் தூக்கியிருப்பன்ம்மா." செத்தவர்கள் பேசுவதில்லை. அவள் மோட்டார் கொட்டாயில் மூட்டையை இறக்கி வைத்தாள், இடுகாட்டுக்கு நடந்தாள், ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் பிடிமானத்துக்குக் கையை ஊன்றி இறங்கினாள், படுத்தாள். இந்த முறை படுப்பது எளிதாக இருந்தது. அவன் மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, குழியருகே கிடந்த மண்வெட்டியால் தனியாக மண்ணைத் தள்ளினான். முதலில் காலுக்கு, பிறகு நெஞ்சுக்கு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்கு. மேடு கட்டி முடித்து, மண்வெட்டியைச் சாய்த்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவளுக்கு மண்ணுக்கு அடியிலும் காது கேட்டது. ஆற்றங்கரை நாணலில் காற்று போவது கேட்டது. மகன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் கொட்டாய் பக்கமிருந்து வரதராசனின் குரல் வந்தது.

"ஏய்! யாரு அங்க? யூரியா தெளிக்க ஆளு வேணும், வா."

புது மண்ணில், முழங்கால் இருக்கும் இடத்தில், மேடு இலேசாக எழும்பி வெடித்தது.

தணிகாசலம் அதைப் பார்த்தான். பதறிப்போய் இரண்டு உள்ளங்கையையும் அந்த வெடிப்பின்மேல் வைத்து, குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல மெல்ல மெல்ல அழுத்தினான்.

"உன்ன இல்லம்மா," என்றான். "என்னத்தான் கூப்பிடறாங்க. நீ படு."

மண் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. அடங்கியதும் எழுந்து, கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டு, குரல் வந்த பக்கம் நடந்தான்.